குடிலியல்: வேல்ஸ் கடற்கரைத் திணைக்கு ஓர் உரை

இந்நூல் என் நுதலிற்றோ எனின், வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் வாரக் கணக்கில் காட்டேஜ் எடுத்துத் தங்கி ஓய்வு கொள்ளுதல் என்னும் தொழிலை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து உணர்த்துதல் நுதலிற்று.

ஓய்வைத் தொழில் என்றது என்னை? ஆகஸ்டில் கொள்ளப்போகும் ஓய்வுக்கு ஜனவரியிலேயே முன்பணம் கட்டி, போர்வையும் துண்டும் அவர்கள் தருவார்களா நாம் கொண்டுபோக வேண்டுமா என்று மறுபடி மறுபடி படித்துப் பார்த்து, பின்கண்ணாடி மறையும் மட்டும் காரில் மூட்டை அடுக்கி, பாதி நாள் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதைத் தொழில் என்னாமல் வேறென்ன என்பது? சும்மா இருக்க இவ்வளவு உழைக்கும் இனம் பிரிட்டனில் பல்கிக் கிடக்கிறது. ஆயினும் அவர்களுக்கென்று ஓர் இலக்கணம் இதுவரை இல்லை. அந்தக் குறை இன்று தீர்கிறது.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலத்தில் பெரிய வழக்கு இல்லை. வேல்ஸுக்கு மூன்று பக்கம் கடல், நான்காம் பக்கம் இங்கிலாந்து. 2012 மே மாதம் திறந்த கரையோர நடைபாதை அந்த மூன்று பக்கத்தையும் விடாமல் 870 மைல் தொட்டுச் செல்கிறது. தென்மேற்கு மூக்கான பெம்ப்ரோக்ஷயரின் கரை 1952-இலேயே தேசியப் பூங்கா ஆயிற்று. பிரிட்டனின் தேசியப் பூங்காக்களுள் கடற்கரையை முன்னிட்டு அமைந்தது அது ஒன்றே. காட்டேஜ்கள் இந்தக் கோட்டை ஒட்டி, நத்தைகள்போல், மழை பிடித்த பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கடலுக்கும் வீட்டுக்கும் உள்ள உறவை வைத்து வீடுகளை மூன்றாக்கலாம்: கடல் பார்த்த வீடு, கடல் தெரியும் வீடு, கடல் கேட்கும் வீடு. முதலாவதற்கு உரை வேண்டா. அதன் வாடகையே உரை. இரண்டாவதில் கடல் தெரியும் என்று விளம்பரம் சொல்வது பொய்யன்று. மாடிக் குளியலறையில், தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று, சன்னலை வெளிப்பக்கம் தள்ளித் தலையை இடப்பக்கம் திருப்பினால், இரண்டு கூரைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு தென்படும். அது கடலா வானமா என்பதில் குடும்பத்துக்குள் இரு கட்சி உண்டு. மூன்றாவதே உண்மையில் நல்ல வீடு; காற்று படாத பள்ளத்தில் இருக்கும்.

நிலத்தையும் வீட்டையும் இணைப்பது வழி. இருபுறமும் ஆள் உயரத்துக்குப் புல்லும் கல்லுமாய் மேடு எழுந்த சந்து. ஒரு கார் போகலாம், எதிரே இன்னொன்று வந்தால் இரண்டில் ஒன்று பின்வாங்க வேண்டும். இவ்விடத்தில் மாந்தர் இருவகையர்: பின்னோக்கி ஓட்டத் தெரிந்தவர், எதிரில் வந்தவரின் பெருந்தன்மையை நம்பியிருப்பவர். எதிரில் வருவது பால் வண்டியோ டிராக்டரோ ஆயின் இந்தப் பகுப்பு செல்லாது. அங்கே எல்லாரும் முதல் வகையரே ஆவர்.

இனிப் பொழுது. பெரும்பொழுது ஏட்டில் நான்கு. வாடகைப் பட்டியலில் இரண்டே: பள்ளி விடுமுறை, மற்றது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு உள்ளே போகலாம். அடுத்த சனி காலை பத்து மணிக்கு வெளியேறிவிட வேண்டும். சில வீடுகளில் வாரம் வெள்ளியில் பிறக்கும். அது வட்டார வழக்கு எனக் கொள்க.

சிறுபொழுதோ நம்மவர் வகுத்த ஆறு அன்று. இங்கே ஏற்றம், இறக்கம் என இரண்டே. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை பத்துக்கு வற்றிய கடல் நாளை பதினொன்றுக்குச் சற்று முன் வற்றும். வாரக் கடைசியில் மாலைப் பக்கமாக நகர்ந்திருக்கும். அட்டை போட்ட சிறு ஓத அட்டவணைப் புத்தகம் ஊர்க் கடைகளில் கிடைக்கும். காட்டேஜில் கடிகாரம் நின்றுபோயிருந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. இந்தப் புத்தகம் காணாமல் போனால் வீடே புரளும். காரணம் எளிது. தெற்கே பிரிஸ்டல் கால்வாயின் உட்கோடியில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நீர்மட்டம் 14 மீட்டர்வரை மாறும். உலகில் இதை மிஞ்சும் இடங்கள் மிகச் சில. காலையில் அரை மைல் அகல மணல். மதியம் பார்த்தால் படிக்கட்டில் அலை அடிக்கும். கோவர் தீபகற்பத்தின் நுனியில் கடலுக்குள் பாம்புபோல் நீண்டு கிடக்கும் வொர்ம்ஸ் ஹெட் பாறைத் தீவுக்கு, இறக்கத்துக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம்தான் வழி திறக்கும். கவிஞர் டிலன் தாமஸ் அங்கே ஒருமுறை ஓதத்தில் மாட்டிக்கொண்டவர். கவிதைத் திறமைக்குக் கடல் சலுகை காட்டாது என்பதற்கு அது சான்று.

இறக்கத்துக்கு இன்னொரு பயன் உண்டு. அபெரிஸ்ட்வித்துக்கு வடக்கே போர்த் கரையில், நீர் நன்றாக வற்றிய நாளில், நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைய மரங்களின் அடிக்கட்டைகள் மணலிலிருந்து எழுந்து நிற்கும். கார்டிகன் வளைகுடாவுக்கு அடியில் ஒரு செழித்த நாடு இருந்தது, அதைக் கடல் கொண்டது, அமைதியான மாலைகளில் அதன் மணியோசை கேட்கும் என்பது அங்குள்ளோர் கதை. கடல்கொண்ட நாடு என்றால் நம்மவர்க்குக் காது நிமிரும். ஆனால் வேல்ஸ் மக்கள் பழியைக் கடல்மேல் போடவில்லை. பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தில், குடித்துவிட்டு மதகை மூட மறந்த காவலன் மேல் போடுகிறார்கள். இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கருப்பொருளில் முதலில் வைக்கத் தக்கது வீடு. இதை அறை எண்ணிக்கையால் பகுப்பது வாடகை நிறுவனங்களின் வழக்கம். அறிவுடையோர் செய்யும் பகுப்பு, முன்பு அதில் யார் குடியிருந்தார் என்பதை வைத்து. பன்றி இருந்த வீடு, மாடு இருந்த வீடு, வைக்கோல் இருந்த வீடு, மாவு அரைத்த வீடு, பிள்ளைகள் படித்த வீடு, கடவுள் இருந்த வீடு. கடைசி வகையைக் கண்டு வியக்க வேண்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸில் தெருவுக்குத் தெரு சேப்பல் கட்டினார்கள்; தொழுவோர் குறைந்ததும் பல சேப்பல்கள் வீடாயின. உயர்ந்த வளைவுச் சன்னலின் கீழே இப்போது சோபா கிடக்கும். பிரசங்கி நின்ற இடத்தில் தொலைக்காட்சி இருக்கும். வெப்பம் முழுதும் கூரைக்கு ஏறிவிடுவதால் இங்கே தங்குவோரும் ஒருவகையில் மேலே நோக்கியே வாழ்கின்றனர்.

இவற்றுக்கு மேல் விளக்குக் காவலர் வீடு உண்டு. நாஷ் பாயிண்ட் கலங்கரை விளக்கம் 1998-இல் தானியங்கி ஆனது. வேல்ஸில் ஆள் வைத்துக் காத்த கடைசி விளக்கம் அதுவே. காவலர் போனார், அவர் வீட்டில் இப்போது விடுமுறைக்காரர். முன்னவர் சம்பளம் வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்தார், பின்னவர் பணம் கொடுத்துவிட்டுப் பார்க்கிறார். வேறு வேற்றுமை எனக்குத் தெரியவில்லை.

தனித்து எண்ணத் தக்கது ஓரிரவு வீடு. பொதுநிலத்தில் அந்தி சாய்ந்தபின் தொடங்கி, விடியுமுன் சுவரும் கூரையும் முடித்து, கதிர் எழும்போது புகைபோக்கியில் புகை வரச் செய்தவனுக்கு அந்த வீடு சொந்தம் என்பது வேல்ஸ் ஏழைகளின் பழைய நம்பிக்கை. வாசலில் நின்று கோடரியை எறிந்தால் அது விழும் தூரம் மட்டும் தோட்டமும் சொந்தம் என்பர். சட்டம் இதை ஒப்புக்கொண்டதில்லை, ஊர் ஒப்புக்கொண்டது. ஒரே இரவில் கட்டிய வீடு என்று விளம்பரத்தில் போட்டு, ஓர் இரவுக்கு வாடகை வாங்குவோர் இக்காலத்தில் உளராயின், அவர்களை இந்நூல் மறுக்காது.

முன்குடியைக் கொண்டு வகைப்படுத்தும் முறை பறவைக்கும் பொருந்தும் என்பது இந்நூலாசிரியர் கண்ட புதுமை. ஸ்கோமர் தீவில் முயல் தோண்டிய வளைகளில் பஃபின்கள் ஏப்ரலில் வந்து குடியேறும், ஜூலை முடிவதற்குள் குஞ்சை வளர்த்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். முன்பு முயல் இருந்த வீடு, கடல் பார்த்தது, பருவ காலத்துக்கு மட்டும். மாங்ஸ் ஷியர்வாட்டர் என்னும் இன்னொரு பறவை குளிர்காலத்தைத் தென் அமெரிக்கக் கடலில் கழித்துவிட்டு இதே தீவுகளுக்கு வருகிறது. உலகிலுள்ள அதன் இனத்தில் பாதிக்கு மேல் பெம்ப்ரோக்ஷயர் தீவுகளில்தான் குஞ்சு பொரிக்கிறது. பகலில் வெளியே தலைகாட்டினால் பெருங்கடற்காகம் தின்றுவிடும் என்பதால் இருட்டிய பின்பே வீடு திரும்பும், அலறிக்கொண்டே திரும்பும். பக்கத்து காட்டேஜில் இளைஞர் கூட்டம் தங்கியிருந்தால் இந்த ஒலியின் இலக்கணம் எளிதில் விளங்கும்.

ஏனைக் கருப்பொருள்கள் விரைந்து சொல்லத் தக்கன. தெய்வம் வருணன், இதில் கருத்து வேறுபாடு இல்லை. பறை, கெட்டில். யாழ், புகைபோக்கியில் நுழையும் தென்மேற்குக் காற்று. விலங்கு ஆடு, இலையுதிர் காலமாயின் பாறை இடுக்கில் குட்டி ஈனும் சாம்பல் சீல். உணவு, தேநீரில் ஊறிய உலர்பழம் போட்ட பாரா பிரித் ரொட்டி. வீட்டுக்காரர் மேசைமேல் வைத்துவிட்டுப் போவது. சமையலறையில் முட்டை வைக்கும் சிறு கிண்ணங்கள் ஒரு டஜன் இருக்கும். வெங்காயம் நறுக்கும் கூர்மையில் கத்தி ஒன்றும் இராது. லண்டனிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் குக்கரையும் கத்தியையும் மூட்டையிலேயே கொண்டுவந்துவிடுவர். அவர்கள் கடுகு தாளித்த ஐந்தாம் நொடியில் கூரையில் உள்ள புகை எச்சரிக்கைக் கருவி கூவத் தொடங்கும். ஒருவர் நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறுவார். இதை விழவு எனக் கொள்வாரும் உளர்.

கள் பற்றி ஒரு குறிப்பு. 1881 முதல் வேல்ஸில் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை திறக்கலாகாது எனச் சட்டம் இருந்தது. பின்னாளில் மாவட்டம் மாவட்டமாக வாக்கெடுத்து விலக்கினர். வடமேற்கில் லின் தீபகற்பப் பக்கத்து ட்வைவோர் வட்டாரம் மட்டும் 1996 வரை ஞாயிறு வறட்சியைக் காத்து நின்றது. மழைக்கு ஒருநாளும் வறட்சி காணாத மண்ணில் இப்படி ஒரு வறட்சி.

மழைக்கு வருவோம். மலைப்பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். கரையில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். இந்தப் புள்ளிவிவரம் கரையில் தங்கியிருப்பவருக்கு ஆறுதல் தந்ததாக வரலாறு இல்லை. அளவால் பகுப்பது வானிலை அலுவலகத்தின் வேலை; விடுமுறைக்காரர் பகுப்பது உடையால். மூக்குக் கண்ணாடியில் மட்டும் படிவது, முடியில் படிவது, மழைக்கோட்டின் தோளில் நுழைவது, மழைக்கோட்டுக்குள் கீழிருந்து மேலேறுவது. நான்காவது, காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது நிகழும். பெருமழையை வேல்ஷ் மொழியில் கிழவிகளும் தடிகளுமாய்க் கொட்டுகிறது என்பார்கள். கிழவி சரி, தடி எதற்கு என்று கேட்பவர், பெம்ப்ரோக்ஷயர் பாறை முனையில் நவம்பரில் ஒருநாள் நின்று பார்க்க. நாலாவது மழையில் தடியை உடம்பில் உணரலாம்.

இனி உரிப்பொருள். இங்கேதான் நூலின் உயிர்ப்பகுதி. கடற்கரை ஆகையால் இது நெய்தல், உரிப்பொருள் இரங்கல் என்று ஒரு சாரார் கூறுவர். காட்டேஜை முன்பதிவு செய்தபோது ஆன செலவை நினைத்து இரங்குவோர் உண்டாதலின் இக்கொள்கைக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. எனினும் அது பொருந்தாது. பருவத்தைப் பாருங்கள்: எப்போதும் கார். பொழுதைப் பாருங்கள்: மாலை, ஜூன் மாதத்தில் அங்கே கதிர் சாய ஒன்பதரை மணிக்கு மேலாகும், பத்தரைக்கும் வானத்தில் வெளிச்சம் கிடக்கும். மாந்தர் செய்வதைப் பாருங்கள்: இருத்தல், அதாவது ஆற்றியிருத்தல். காரும் மாலையும் இருத்தலும் முல்லைக்கு உரியன. ஆகவே நிலத்தால் நெய்தல், பொழுதாலும் ஒழுக்கத்தாலும் முல்லை, இது திணைமயக்கம். நிலத்தோடு நிலம் மயங்கக் கூடாது என்ற விதியைக் காட்டி மறுப்போர், ஐநூறு மீட்டருக்கு மேல் எழுந்த எய்வில் மலை நேரே கடலுக்குள் காலை நீட்டிக் கிடப்பதை லின் தீபகற்பத்தில் கண்டிலர். விதி செய்தவர்க்கு வேல்ஸ் தெரியாது; அவர்மேல் குற்றமில்லை.

முல்லைத் தலைவி தலைவன் வரவுக்குக் காத்திருந்தாள். காட்டேஜில் இருப்பவர் எதற்குக் காத்திருக்கிறார்? மழை விட, நீர் வற்ற, கெட்டில் கொதிக்க, அடுப்பு பற்ற, பிள்ளையின் ஈரக் காலுறை காய. ஒன்று முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். நகரத்தில் ரயிலுக்கும் மின்னஞ்சலுக்கும் காத்திருந்தால் எரிச்சல் வரும் மனிதருக்கு, இங்கே அதே காத்திருப்பில் முகம் தெளிகிறது. காத்திருக்க வைப்பவர் இங்கே ஆளில்லை. நிலாவும் அட்லாண்டிக்கும்தான், அவற்றுக்குப் புகார் எழுதி அனுப்ப முகவரி கிடையாது. ஓய்வு என விளம்பரம் விற்பது இந்த இருத்தலையே என்பது என் துணிபு.

இருத்தலின் வகைகளில் சன்னலோர இருத்தல் கடைப்பட்டது. வீட்டின் மூத்த ஆண் அரைமணிக்கொருமுறை வெளியே பார்த்து, மேற்கே கொஞ்சம் வெளுக்கிறது என்பார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜிக்சா இருத்தல் அதற்கு மேம்பட்டது. பெட்டியில் ஒரு துண்டு குறையும், அதை ஐந்தாம் நாள்தான் அறிவர். அடுப்பு காத்தல் தனி மரபு. வரவேற்புக்கு ஒரு கூடை விறகு இலவசம், மேற்கொண்டு பெட்ரோல் நிலையத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் ஒருவர், கற்கால மூதாதையின் பொறுப்போடு, காற்று வாயிலைத் திறப்பதும் மூடுவதுமாய் மாலை முழுதும் முழங்காலில் இருப்பார். வேறொருவர் விறகை நகர்த்தினால் பேச்சு நின்றுபோகும். ஆகஸ்டிலும் 16, 17 டிகிரியைத் தாண்டாத கடலில் இறங்கி, நல்லா இருக்கு என்று பல் தந்தியடிக்கச் சொல்லிவிட்டு, மீதிப் பகல் முழுதும் உடம்பு சூடேறக் காத்திருப்போரும் இந்தக் கணக்கில் வருவர்.

இவற்றுள் தலையாயது காரிருத்தல். கடலை நோக்கிய வாகன நிறுத்தத்தில் காரை நிறுத்தி, இறங்காமல், இஞ்சினை அணைத்து, ஃபிளாஸ்கைத் திறந்து, சாண்ட்விச்சின் தாளைப் பிரித்து, எதிரே பார்த்திருத்தல். பெரும்பாலும் வயது முதிர்ந்த தம்பதியர். கண்ணாடியில் நீர் திரையிடும்போது ஒருவர் கைநீட்டி வைப்பரை ஒரே ஒருமுறை தட்டுவார்; கடல் தெரியும்; மறுபடி மறையும். பேசிக்கொள்வது இல்லை, அல்லது அரைமணிக்கொரு சொல். செய்தித்தாள் பிரித்தால் அது சிறிது கீழ்ப்பட்ட காரிருத்தல். வானொலி வைத்தால் இன்னும் கீழ். இதை வெளிநாட்டார் சிலர் சோம்பல் எனச் சிரிப்பர். காற்றைச் சுவைக்காமல் கடலை மட்டும் கொள்வது, உப்பை விட்டு அமிழ்தை எடுப்பதற்கு ஒப்பு. பல்லாண்டுப் பழக்கம் இல்லாமல் அது கூடாது. எனக்கு இன்னும் கைவரவில்லை. பத்து நிமிடத்தில் கதவைத் திறந்துவிடுகிறேன்.

புறனடையாகச் சில சொல்ல வேண்டும். காட்டேஜ் எது என்பதை இந்நூலுக்கு முன்பே வேல்ஸ் அரசு வரையறுத்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல், ஆண்டில் 252 நாள் வாடகைக்குத் திறந்திருந்து, 182 நாளாவது உண்மையில் ஆள் தங்கியிருந்தால்தான் அது வணிக வரிக்கு உரிய தங்கும் விடுதி. முன்பு 70 நாள் போதும். குறைந்தால் வீட்டுவரி, அதன்மேல், யாரும் நிரந்தரமாய்க் குடியிராத இரண்டாம் வீடுகளுக்கு 300 சதவீதம்வரை மிகைவரி போடவும் உள்ளாட்சிகளுக்கு உரிமை உண்டு. இந்தக் கணக்கு ஏன் வந்தது என்பது லின் தீபகற்பத்து அபெர்சோக்கில் தெரியும். கோடையில் நிரம்பி வழியும் அவ்வூரின் வேல்ஷ் வழித் தொடக்கப் பள்ளி, படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் 2021 இறுதியில் மூடப்பட்டது. மேலே சொன்ன பகுப்பில் பிள்ளைகள் படித்த வீடு என்று ஒரு வகை வைத்தேனே, அது எப்படி உண்டாகிறது என்பதற்கு வேறு உரை வேண்டியதில்லை. 1979 இறுதி தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல், இருநூறுக்கும் அதிகமான விடுமுறை வீடுகளுக்கு இரவில் தீ வைத்த இயக்கமும் வேல்ஸில் இருந்தது. ஓரிரவில் வீடு கட்டிய மரபின் நேர் எதிர்மறை. தீ வைத்தது பிழை என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாம் வீட்டுக்காரரிடம் அந்த வரியை வாங்குவதில் பிழை காணவும் எனக்கு மனமில்லை.

காரவனில் தங்குவோர், கூடாரம் அடிப்போர், பீப்பாய் போன்ற மரக்கூடுகளில் கிளாம்பிங் செய்வோர் இந்நூலுள் அடங்கார். அவர்க்குத் தனி நூல் வேண்டும், அதற்குப் பணம் தருவோர் இன்னும் முன்வரவில்லை. நாயோடு வருவோர் அடங்குவர், ஆனால் மே முதல் செப்டம்பர்வரை பல மணற்கரைகளில் நாய்க்கு இடமில்லை என்று பலகை நிற்கும். எல்லைக் கோடு எங்கே என்பதைப் பலகையின் சிறு வரைபடம் காட்டும். நாயின் உரிமையாளர் அந்த வரைபடத்தின் முன் நின்று ஓத அட்டவணையோடு ஒப்பிட்டு ஆராய்ந்துகொண்டிருக்கையில், கயிறு கையிலிருந்து நழுவியிருக்கும்.